பீக்கரில் மிதந்த எண்ணெய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். கூடவே சிரித்த முகமாக ஒரு புகைப்படமும் வேண்டுமாம். புகைப்படத்தை அனுப்பிவிட்டேன். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் விலை குறைந்த சின்னக் கம்ப்யூட்டர் சில்லுகளுக்குள் கணக்கு எழுதியே சாப்பிட்டவள் நான். அதில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வேலை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே கைதட்டலுக்காகத்தான் துடித்துக்கொண்டு வந்திருப்பீர்கள்.

நாங்கள் செய்தது சிரிஞ்ச் பம்ப். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருக்கும் பெட்டி. மருந்து நிரப்பிய சிரிஞ்சைப் படுக்கை வாட்டில் அதில் பொருத்தினால், பின்பக்கத்தை ஒரு மோட்டார் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கும் அதுதான், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் அதுதான். வேகம் மட்டும் மாறும். குழந்தைக்கு வைக்கும் வேகத்தில் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சில்லுக்குத் தசமப் புள்ளிக் கணக்கு தெரியாது. தெரிந்த சில்லு வாங்க விலை கட்டுபடியாகாது. அதனால் எல்லாவற்றையும் முழு எண்ணாகவே வைத்துக்கொள்வோம். ஒன்றரை லிட்டர் பாலை ஆயிரத்து ஐந்நூறு மில்லி என்று எழுதிவிட்டால் புள்ளிக்கு வேலையில்லை அல்லவா, அவ்வளவுதான் சூட்சுமம். ஃபிக்ஸட் பாயிண்ட் என்று நாம் பெரிய பெயர் வைத்துக்கொண்டு அலட்டுகிறோம். இதில் உள்ள ஒரே ஆபத்து, வகுக்கும்போது வரும் மீதி. அந்த மீதியை என்ன செய்வது என்பதில்தான் நம் தொழிலின் மானம் இருக்கிறது.

எங்கள் ஆபீஸ் ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் இருந்தது. காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. யார் எத்தனை மைக்ரோசெகண்ட் மிச்சம் பிடித்தார்கள் என்று பெயரோடு அதில் எழுதி வைப்பார்கள். காபி எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் கோப்பையை நீட்டுவார்கள். யாருடைய மீதி எங்கே போனது என்று எழுதுவதற்குப் பலகை கிடையாது. மர்பி டவுனில் பிறந்து, கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து, குழுவில் ஒரே பொம்பளையாகப் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பலகையில் முதல் இடத்தில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற வெறி இருந்தது. ஆசை என்று மழுப்ப மாட்டேன். வெறிதான்.

அந்த வருஷம் பம்ப்புக்குப் புதிதாக ஓர் எச்சரிக்கை மணி சேர்த்தோம். குழாயில் அடைப்பு வந்தால் அடிக்கும் மணி. அதைச் சேர்த்ததும் சில்லுக்கு மூச்சு முட்டியது. ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலையை அதனால் முடிக்க முடியவில்லை. மோட்டார் திக்கித் திக்கி ஓடியது. வெளியீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எங்கள் மேலாளர் கன்னடக்காரர், நல்ல மனிதர், யாரையும் திட்ட மாட்டார், திட்டாமலே பயமுறுத்துவார். என் மேஜைக்கு வந்து, நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் தோண்டினேன். மோட்டார் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போடும் இடத்தில் நீளமான ஒரு வகுத்தல் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி. வகுத்த பிறகு வரும் மீதியைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளும் வரிகள். அவற்றுக்கு மேலே யாரோ, எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்துவிட்டுப் போன ஒருவர், பெயர்கூடப் போடாமல் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: இந்த இரண்டு வரிகளை எடுக்க வேண்டாம். ஏன் என்று எழுதவில்லை. நான் சிரித்தேன். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பயம் அதிகம் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கிண்டலும் அடித்தேன்.

வகுத்தலை எடுத்துவிட்டு, ஒரு பெருக்கல், பிறகு கீழ் இலக்கங்களை அப்படியே வெட்டித் தள்ளுவது என்று மாற்றினேன். மீதியும் இல்லை, மீதியை வைக்க இடமும் வேண்டாம். நேரம் பாதியாகக் குறைந்தது. மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடியது. பெரியவர்களுக்கு வைக்கும் வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. குழந்தைகளுக்கு வைக்கும் வேகத்திலும் பார்த்தேன். ஒரு நிமிஷம்.

ஒரே ஒரு நிமிஷம். அந்த வேகத்தில் ஒரு நிமிஷத்தில் எந்தத் தப்பும் எந்தக் கருவியிலும் தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காகப் பார்த்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரிக்கும் அப்படித்தான்.

வியாழக்கிழமை கேக் வெட்டினார்கள். பலகையில் என் பெயர் முதலில் வந்தது. கண்ணாடியில் செய்த ஒரு கேடயமும் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் செல்வியும் இருந்தாள்.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூர் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். ஈஜிபுராவில் ஒரே அறையில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாள். எங்களிடம் நேரடி வேலை இல்லை. ஓர் ஏஜென்சி மூலம் ஆறு மாத ஒப்பந்தத்தில் டெஸ்டராக வந்தவள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எங்கள் கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையில்தான் அது நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் போனால் அட்டை போகும். இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

டெஸ்டர்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவர்கள் பதிவு செய்யும் குறையை எஞ்சினியர் நிராகரித்தால் அது அவர்கள் பெயரில் ஏறும். ஆறு மாதத்தில் மூன்று ஏறிவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. தேவையில்லாத குறைகளைப் பதிவு செய்து எஞ்சினியர்களின் நேரத்தைத் தின்கிறார்களாம், அதற்காக. குறை கண்டுபிடிப்பதே வேலையான ஒருத்தியைக் குறை கண்டுபிடித்ததற்காகத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்த மகராசன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை எதிர்த்து நானும் ஒரு நாள் வாய் திறந்ததில்லை. செல்வி பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. திரையில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது, பொத்தான் சத்தம் தாமதமாக வருகிறது என்று இரண்டு சில்லறை விஷயங்கள்.

கேக் வெட்டிய மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் என் புதிய புரோகிராம் ஏற்றிய பம்ப்பில் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, குழந்தைகளின் வேகத்தில் ஓட விட்டு வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. சோதனைப் பட்டியலில் அந்த வேகத்துக்குப் பத்து நிமிஷம்தான் போட்டிருந்தது. திங்கள் காலை வந்து, வெளியே வந்த தண்ணீரை பீக்கரோடு எடை போட்டாள். வர வேண்டியதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. குறையைப் பதிவு செய்தாள். அது என் திரைக்கு வந்தது.

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேக்கின் ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை, அதற்குள் இது. ஆனால் காரணம் உடனே கிடைத்துவிட்டது. இரண்டரை நாள் திறந்த பீக்கரில் தண்ணீர் இருந்தால் ஆவியாகாதா? அதுவும் ஏசி ஓடும் அறையில். இதுகூடத் தெரியாமல் டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்று முணுமுணுத்தேன். அறிக்கை இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வி என் மேஜைக்கு வந்தாள். டிபன் டப்பா கையிலேயே இருந்தது.

"மேடம், அதை ரிஜெக்ட் பண்ணப் போறீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா. தண்ணி காஞ்சிருக்கும்."

"இல்ல மேடம், நீங்க ஒரு வாட்டி லேபுக்கு வந்து பாத்தீங்கன்னா போதும். அஞ்சு நிமிஷம்."

ரிலீஸ் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவள் நகரவில்லை.

"எனக்கு இது மூணாவது மேடம்," என்றாள்.

அவள் கெஞ்சவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். தகவலாகச் சொன்னாள். ஆனால் நான் அதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டேன். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்திருக்கிறாள், கணக்கைப் பற்றிப் பேச அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது யார் என்று இப்போது தெரிகிறது. அன்று சாயங்காலம் அந்தக் குறைக்கு நேரே எழுதினேன்: நிராகரிக்கப்பட்டது, நீர் ஆவியானதால் வந்த வித்தியாசம். கீழே என் பெயர்.

அடுத்த மாதக் கடைசியில் செல்வியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் வந்தாள். வருத்தமாக இருக்கிறது என்றேன். பரவாயில்லை மேடம் என்றாள்.

எட்டு மாதம் ஓடியது. ஏதோ ஓர் ஊரில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு புகார் வந்தது. அங்கே இருந்த ஒரு நர்ஸம்மாவுக்குப் பம்ப்பின் திரை மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மருந்தை ஏற்றும்போதே சிரிஞ்சின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைப்பாராம். டியூட்டி முடியும்போது பார்த்தால், திரை சொல்லும் அளவு ஒன்று, சிரிஞ்சில் மீந்திருக்கும் மருந்து வேறு. மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்.

மேலாளர் அந்தப் புகாரை என் மேஜையில் வைத்தார். அதுவும் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பம்ப்பின் எண், வேகம், மீந்த அளவு. குறைந்ததை மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் பக்கத்தின் தலைப்பில் 'நோயாளியின் நிலை' என்று அச்சிட்டிருந்தது. கீழே கையால் எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு புரோகிராமைத் திறந்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் வெட்டித் தள்ளிய மீதி, பெரியவர்களின் வேகத்தில் மூட்டை அரிசியில் ஓர் அரிசி. குழந்தைகளின் வேகத்தில் பத்து அரிசிக்கு ஓர் அரிசி. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று. நான் நீக்கிய அந்த இரண்டு வரிகளையும் பழைய கோப்பிலிருந்து எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். இழந்த நேரத்துக்கு என்ன செய்வது? திரையைத் தேவைக்கு மேல் அடிக்கடி புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள்; அதைக் குறைத்தேன், வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே இன்னும் ஒரு நாள் தேடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் திரையில் மிச்சம் பிடித்தால் யாரும் கேக் வெட்ட மாட்டார்கள்.

அப்புறம்தான் செல்வியின் பழைய அறிக்கையைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு புகைப்படமும் மூன்று வரியும் இருந்தன. பீக்கரில் தண்ணீர், அதன் மேல் மெல்லிய படலமாக எண்ணெய். தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, ஆரம்பிக்கும் முன்பே பாரஃபின் எண்ணெய் ஊற்றி, குழாயின் முனையை எண்ணெய்க்குக் கீழே நுழைத்து வைத்ததாக எழுதியிருந்தாள். எண்ணெயின் எடையைக் கழித்துக் கணக்கும் காட்டியிருந்தாள். நான் என்ன சாக்கு சொல்வேன் என்று எனக்கு முன்பே தெரிந்து, அந்தச் சாக்கை மூடி வைத்திருந்தாள். படிவத்தில் அதற்குத் தனி இடம் இல்லாததால் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

பம்ப்புகளையெல்லாம் திரும்ப வாங்கித் திருத்தினார்கள். அதைச் சரியாகவே செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காரண அறிக்கை என்று ஒன்று எழுத வேண்டுமே. நான் மேலாளரிடம் போய், இது வெளியீட்டுக்கு முன்பே பதிவான குறை, நான்தான் நிராகரித்தேன், அதைத் திரும்பத் திறந்து சரி என்று மாற்றிவிடலாம் என்றேன். இந்த ஒரு தடவை நான் போய்ச் சொன்னேன் என்பதை மட்டும் என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கதவைச் சாத்தினார். திறந்தால் தேதி தெரியும், தெரிந்தே விற்றோம் என்று ஆகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். உங்கள் பெயர்தான் அதில் இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியில் கன்னடத்தில், "ஆய்து பிடி மேடம்" என்றார். போகட்டும், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். நான் விட்டுவிட்டேன்.

காரணம்: குறைந்த வேகத்தில் போதுமான சோதனை நடத்தப்படவில்லை. இப்படித்தான் அறிக்கை போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். குறைந்த வேகத்தில் இரண்டரை நாள் சோதனை நடத்திய ஒரே ஆளைத்தான் அந்த வரி கைகாட்டியது. கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னைக் கோழை என்று சொல்லிக்கொண்டு போய்விடலாம். அந்த அறிக்கை போன இரண்டாவது வாரம், ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு போன் வந்தது. செல்வி அங்கே டெஸ்டர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். விசாரிக்க என் பெயரைத்தான் கொடுத்திருந்தாள். அவள் வேலையைத் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் நினைத்திருக்கிறாள். போனில் பேசிய பெண், "அவங்க போடற டிஃபெக்ட் எல்லாம் சரியா இருக்குமாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் மூன்று நிராகரிப்பு இருக்கிறதே, அது எப்படி என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் பொய்யாகிவிடும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் என் தலையில் ஓடியது. கணக்கில் நான் வேகமானவள்தானே.

"பரவாயில்லைங்க," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு லேபில் பேசிக்கொண்டார்கள்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். வீட்டை ஒழிக்கும்போது அந்தக் கண்ணாடிக் கேடயம் கையில் பட்டது. குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையைக் கிழிக்குமே என்று செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழைய லேப் ஆள் ஒருவரிடம் கேட்டு செல்வியின் எண்ணை வாங்கினேன். கூப்பிட எனக்கு ஒரு வாரம் ஆனது.

சர்ஜாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறாளாம். குரல் மாறவில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டேன். ஒப்பந்தம் போன மறு வருஷமே தவறிவிட்டதாகச் சொன்னாள். அட்டை இல்லாமல் எத்தனை நாள் ஓட்டினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் பக்கத்தைப் படிக்காததை, எண்ணெயை, மார்க்கர் கோடு போட்ட நர்ஸம்மாவை, கதவைச் சாத்திய மேலாளரை, ஓசூர் போனை. என் தப்புதான் செல்வி, மன்னித்துவிடு என்றேன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அந்தக் கொழந்தைக்கு என்ன ஆச்சு மேடம்?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னு சொன்னீங்களே. அந்த வார்டுல இருந்த கொழந்த. மருந்து கொறஞ்சுதே."

"தெரியலம்மா."

"நீங்க கேக்கலையா மேடம்?"

அங்கே மணி அடித்தது. கிளாஸுக்குப் போக வேண்டும், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவள் அப்புறம் கூப்பிடவில்லை. நான் ஆபீஸுக்கு போன் போட்டு அந்தப் புகாரைத் தேடச் சொன்னேன். அந்த மாடலையே நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது, காகிதங்களையெல்லாம் கழித்துவிட்டோம் என்றார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எனக்கும் ஞாபகம் இல்லை. என் கைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த காகிதம் அது. ஒரு விரலால் திருப்பியிருக்கலாம்.

மைக்ரோசெகண்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். செல்வி கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நான் கேட்கவில்லை.